சுருதி முறையை மாற்றினால் பெடலையும் மாற்றுங்கள்: டிஜிட்டல் பியானோ செய்முறைப் பதிவு

டிஜிட்டல் பியானோவின் மெனுவில் 'டெம்பரமென்ட்' (சுருதி முறை) என்ற பகுதியைத் திறந்து, மீன்டோன், வெர்க்மைஸ்டர் போன்ற பழைய ஐரோப்பிய முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பத்து நொடி வேலை. அதன்பின் வாசித்துப் பார்க்கும் பலர், "ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே" என்கிறார்கள். இல்லாவிட்டால், "பியானோவே கெட்டுப்போனது போல இருக்கிறது" என்று பழைய அமைப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சுருதியை மட்டும் மாற்றிவிட்டு, பெடலையும் அதோடு சேர்ந்த ரெசனன்ஸையும் (அடித்த சுரத்தோடு மற்ற கம்பிகளும் சேர்ந்து அதிரும் எதிரொலி) தொடாமல் விட்டிருப்பார்கள். சுருதியில் நாம் செய்யும் 10, 15 சென்ட் (அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளியில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) மாற்றத்தைக் காதுக்குக் கொண்டுவருவதும் பெடல்தான், மூடி மறைப்பதும் பெடல்தான்.

முதலில் பெடலே இல்லாமல் சுருதியைச் சரிபார்க்க வேண்டும். பிறகு பெடலைத் தனியாக அளக்க வேண்டும். கடைசியில்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் எது எதனால் கெட்டது என்று பிரித்தறிய வழியே இருக்காது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தொடங்குதல்

இப்போதிருக்கும் அமைப்புகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாஸ்டர் ட்யூனிங் 440.0 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்போஸ் 0, ரிவர்ப் ஆஃப், கோரஸ் ஆஃப், டேம்பர் ரெசனன்ஸ் 0, ஸ்ட்ரிங் ரெசனன்ஸ் 0, ஸ்ட்ரெச் ட்யூனிங் ஆஃப் என்று வையுங்கள்.

ஸ்ட்ரெச் என்பதை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். நிஜப் பியானோவின் கம்பிகள் விறைப்பானவை. அவற்றின் மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு கூடவே ஒலிக்கும் உயர் சுரங்கள்) சரியான மடங்கில் நிற்காமல் சற்று மேலே தள்ளி நிற்கும். அதற்கு ஈடுகட்ட, ட்யூன் செய்பவர் மேல் ஸ்தாயியைச் சிறிது ஏற்றியும் கீழ் ஸ்தாயியைச் சிறிது இறக்கியும் வைப்பார். டிஜிட்டல் பியானோவின் பியானோ ஒலியும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகிறது. இது ஆன் ஆக இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த சுருதி முறையின் எண்கள் நடு ஸ்தாயியில் மட்டும் பொருந்தி, ஓரங்களில் வழுவும். மெனுவில் ஸ்ட்ரெச் இல்லையென்றால், ஒரு ட்யூனர் செயலியை வைத்துக் கீழ் ஏ, நடு ஏ, மேல் ஏ மூன்றையும் அடித்துப் பாருங்கள். மூன்றும் ஒரே சென்ட் காட்டினால் கவலையில்லை.

சோதனைக்குப் பியானோ ஒலியை எடுக்காதீர்கள். நடுவிலும் மேலிலும் உள்ள ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று கம்பிகள். அவற்றுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடும் மாதிரி ஒலியில் பதிவாகியிருக்கும். போதாததற்கு ஒலி தேய்ந்துகொண்டே போகும். ஆர்கன் ஒலி சரியானது. ஆனால் சுழலும் ஸ்பீக்கர், வைப்ரட்டோ இரண்டும் இல்லாத ஆர்கன். புல்லாங்குழல் போன்ற மெல்லிய ஒலியும் உதவாது. மேற்சுரங்கள் குறைவாக இருந்தால் விம்மல் (சற்றே விலகிய இரு ஒலிகள் மோதும்போது வரும் ஏற்ற இறக்கம்) கேட்காது. நாம் எண்ணப்போவது விம்மலைத்தான்.

விம்மலை எண்ணுதல்

ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட், சமச்சுருதியில் (எல்லாக் கட்டைகளுக்கும் சம இடைவெளி தரும் வழக்கமான முறை) அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட். சமச்சுருதியில் ச–ப இடைவெளி 700 சென்ட். இயற்கையான அளவு 702. இரண்டு சென்ட் வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் சி–ஈ என்ற மேஜர் மூன்றாம் இடைவெளி, அதாவது ச–அந்தர காந்தாரம், சமச்சுருதியில் 400 சென்ட். இயற்கை அளவு 386.3. இந்த 13.7 சென்ட்தான் காதில் விழும் வித்தியாசம்.

நடு சி-யையும் அதற்கு மேல் உள்ள ஈ-யையும் ஆர்கன் ஒலியில் சேர்த்துப் பிடியுங்கள். சமச்சுருதியில் ஒரு பரபரப்பான நடுக்கம் கேட்கும்: நொடிக்கு 10.4 விம்மல். சி-யின் ஐந்தாம் மடங்கு 1308.1 ஹெர்ட்ஸிலும் ஈ-யின் நான்காம் மடங்கு 1318.5 ஹெர்ட்ஸிலும் நின்று மோதுவதால் வருவது அது. சி–ஜி பிடித்தால் நொடிக்கு 0.9, ஏறக்குறைய ஒரு சோம்பலான அலை.

இப்போது இயற்கை அளவுகளில் அமைந்த 'ப்யூர் மேஜர்' முறையை எடுத்து, ஆதார சுரத்தை சி-யில் வையுங்கள். மெனுவில் இது 'பேஸ் கீ', 'ரூட்' என்று ஏதாவதொரு பெயரில் இருக்கும். அதே சி–ஈ இப்போது அசையாமல் நிற்க வேண்டும். சி–ஜி-யும் அப்படியே. நின்றுவிட்டதே என்று மகிழ்ந்து அதிலேயே பாட்டு வாசிக்கத் தொடங்காதீர்கள். டி–ஏ-வைப் பிடித்துப் பாருங்கள். அது 680 சென்ட்தான். நொடிக்கு 11 விம்மல் அடிக்கும். டி மைனர் கார்டு வரும் எந்தப் பாடலும் இந்த அமைப்பில் அழும். ப்யூர் மேஜர் ஒரே ஸ்கேலில் நிற்கும், கார்டு அதிகம் மாறாத இசைக்கானது. தம்புரா போல ஆதார சுருதி தொடர்ந்து ஒலிக்கும் வாசிப்புக்கு அருமையாகப் பொருந்தும். மற்றபடி காதைப் பழக்கும் கருவியாக அதை வைத்துக்கொள்வதே நல்லது.

'வெர்க்மைஸ்டர் மூன்று' என்ற முறையில் சி–ஈ-க்கு நொடிக்கு 3 விம்மல். எஃப் ஷார்ப்–ஏ ஷார்ப்புக்கு 23. இந்த இரண்டு எண்களும் வந்தால் உங்கள் பியானோவில் உள்ளது உண்மையிலேயே வெர்க்மைஸ்டர் மூன்றுதான். ஆதாரமும் சி-யில்தான் இருக்கிறது. 1691-இல் ஆந்த்ரியாஸ் வெர்க்மைஸ்டர் வெளியிட்ட இந்த முறையில் சி–ஜி, ஜி–டி, டி–ஏ, பி–எஃப் ஷார்ப் என்ற நான்கு பஞ்சமங்கள் மட்டும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 சென்ட் குறுக்கப்பட்டிருக்கும். மீதி எட்டும் தூய்மையானவை. எல்லா ஸ்கேலிலும் வாசிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு முகம். புதிதாகத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான்.

இந்தச் சோதனையின்போது கைகள் மெனுவுக்கும் கட்டைக்கும் அலைவதைத் தவிர்க்க நடுப் பெடலான சாஸ்டெனூட்டோ உதவும். சி–ஈ-யைப் பிடித்து, சாஸ்டெனூட்டோவை மிதித்து, கையை எடுங்கள். ஆர்கன் ஒலி பெடலை விடும்வரை நிற்கும். ஒரு எச்சரிக்கை: ஒலித்துக்கொண்டிருக்கும் சுரம் மெனுவில் முறையை மாற்றியதும் மாறாமல் போகலாம். மறுபடி அடித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

ஏ எங்கே போனது?

மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது முதலில் காலை வாருவது, எல்லோரும் சுருதி சேர்க்கும் 440 ஹெர்ட்ஸ் ஏ சுரம்தான். பல பியானோக்கள் ஆதார சுரத்தை அசைக்காமல் வைத்து, மற்ற பதினொன்றையும் நகர்த்துகின்றன. ஆதாரம் சி என்றால் வெர்க்மைஸ்டர் மூன்றில் ஏ 11.7 சென்ட் இறங்கி 437.0 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். ப்யூர் மேஜரில் 436.0. வயலினும் பியானோவும் சேர்ந்த கணத்திலேயே ஏதோ உறுத்தும். குற்றம் வயலின்காரர் மேல் விழும்.

சரிசெய்வது எளிது. ட்யூனரை வைத்து ஏ-வை அடியுங்கள். 440 காட்டினால் உங்கள் பியானோ ஏ-வை மையமாக வைத்தே கணக்கிடுகிறது. எதையும் தொட வேண்டாம். இறங்கியிருந்தால், மாஸ்டர் ட்யூனிங்கை வெர்க்மைஸ்டர் மூன்றுக்கு 443.0, ப்யூர் மேஜருக்கு 444.0 என்று ஏற்றுங்கள். ஏ மறுபடி 440-க்கு வந்துவிடும். சமச்சுருதிக்குத் திரும்பும்போது இந்த எண்ணையும் திருப்ப மறந்தால், பியானோ முழுவதும் 12 முதல் 16 சென்ட் ஏறி நிற்கும்.

மீன்டோனும் ஓநாயும்

கால்-காமா மீன்டோனில் ('காமா' என்ற சிறு இடைவெளியின் கால் பங்கைப் பஞ்சமங்களில் குறைக்கும் முறை) எட்டு மேஜர் மூன்றாம் இடைவெளிகள் முழுத் தூய்மையாக இருக்கும். அதற்கு விலையாகப் பஞ்சமங்கள் 696.6 சென்டுக்குச் சுருங்கும் (சி–ஜி-யில் நொடிக்கு 2.4 விம்மல்). மிச்சமெல்லாம் ஜி ஷார்ப்–ஈ ஃப்ளாட் என்ற ஒரே இடத்தில் வந்து குவியும். அது 737.6 சென்ட். நடு சி-க்குக் கீழே உள்ள ஜி ஷார்ப்பையும் மேலே உள்ள ஈ ஃப்ளாட்டையும் சேர்த்துப் பிடித்தால் நொடிக்கு 13 விம்மல் ஊளையிடும். ஓநாய் என்ற பெயர் அதனால்தான் வந்தது.

பி ஃப்ளாட், எஃப், சி, ஜி, டி, ஏ ஆகிய ஆறு மேஜர் ஸ்கேல்களின் மூன்று முக்கியக் கார்டுகளும் பாதுகாப்பானவை. ஏ, டி, ஜி மைனரும் சரி. ஈ ஃப்ளாட் மேஜரில் ஒரு பாடல் வந்தால் ஏ ஃப்ளாட் தேவைப்படும். ஆனால் அந்தக் கட்டையில் இருப்பது ஜி ஷார்ப். அப்போது ஆதார சுரத்தை எஃப்-க்கு மாற்றுங்கள். ஓநாய் ஒரு பஞ்சமம் நகர்ந்து சி ஷார்ப்–ஏ ஃப்ளாட்டுக்குப் போய்விடும். மாற்றியதும் அந்த இரண்டு கட்டைகளையும் பிடித்து, ஓநாய் அங்கேதான் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

டிரான்ஸ்போஸ் இதில் இன்னொரு குழப்பம். +2 வைத்து ஜி ஷார்ப், ஈ ஃப்ளாட் கட்டைகளைப் பிடியுங்கள். ஊளை அங்கேயே கேட்டால் சுருதி முறை கட்டையோடு பயணிக்கிறது. கேட்காமல், இரண்டு கட்டை தள்ளி எஃப் ஷார்ப்–சி ஷார்ப்பில் கேட்டால், முறை ஒலிக்கும் சுரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆதாரத்தையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும்.

பெடலை அளத்தல்

யூஎஸ்பி கம்பியில் கணினியையோ கைப்பேசியையோ இணைத்து, ஒரு மிடி (கட்டை, பெடல் தகவல்களைக் கருவிகள் பரிமாறிக்கொள்ளும் முறை) கண்காணிப்புச் செயலியைத் திறவுங்கள். டேம்பர் எனும் வலது பெடல் 64-ஆம் எண் கட்டுப்பாடாகவும், சாஸ்டெனூட்டோ 66, சாஃப்ட் 67 ஆகவும் வரும். ஒவ்வொன்றின் மதிப்பும் 0 முதல் 127 வரை.

டேம்பரைப் பத்து நொடி எடுத்து மிக மெதுவாக அழுத்துங்கள். 0, பிறகு நேராக 127 என்றால் அது சுவிட்ச் பெடல். பாதி மிதித்தால் ஒலி ஓரளவு மட்டும் நீளும் அரைப் பெடல் அதில் கிடையாது. எண்கள் படிப்படியாக ஏறினால் தொடர் பெடல். அதில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஓய்வில் என்ன எண், முழுதாக மிதித்தால் என்ன எண், நடுவில் எங்காவது துள்ளுகிறதா.

ஓய்வில் 0-க்குப் பதில் 4, 5 என்று நின்றால், சில பியானோக்கள் அதையே அரைப் பெடலின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னும் மெல்லிய வால் தொங்கும். சமச்சுருதியில் இது அவ்வளவாகத் தெரியாது. மீன்டோனில் முந்தைய கார்டின் வால் அடுத்த கார்டில் கலந்து, சுருதியே தவறு என்று நினைக்க வைக்கும். 'மீன்டோன் நன்றாக இல்லை' என்ற குறைக்குப் பின்னால் இப்படி ஒரு பெடல் இருக்க வாய்ப்புண்டு. முதலில் இதைப் பாருங்கள்.

திருத்தும் வழி: பியானோவை அணைத்து, பெடலைப் பிடுங்கி மறுபடி செருகி, காலை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். பல கருவிகள் ஆன் ஆகும் நேரத்தில் பெடலின் நிலையைப் பார்த்தே அதன் திசையைத் தீர்மானிக்கின்றன. அப்போது மிதித்திருந்தால், பிறகு மிதிக்கும்போது ஒலி அடங்கும், காலை எடுக்கும்போது நீளும். மெனுவில் பெடல் அளவமைப்பு இருந்தால் அதையும் ஒருமுறை ஓட்டுங்கள்.

எண்கள் ஒரே இடத்தில் 40, 71, 38 என்று துள்ளினால் உள்ளே மிதியின் ஆழத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் (மாறும் மின்தடை) தடத்தில் தூசி. பெடலைக் கழற்றி, அடித்தட்டைத் திறந்து, எண்ணெய் தங்காத கான்டாக்ட் கிளீனரை ஒரே ஒரு சிறு பீய்ச்சல் விட்டு, 30 முறை மிதித்து விடுங்கள். கால் மணி நேரம் உலரட்டும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை உபயோகிக்கவே கூடாது. இன்றைக்குச் சரியாகிவிடும், தங்கிய எண்ணெயில் தூசி ஒட்டி மறுபடி துள்ளத் தொடங்கும். பிறகு மல்டிமீட்டரில் நடு முனைக்கும் ஒரு ஓர முனைக்கும் இடையே மின்தடையைப் பாருங்கள். 10 கிலோ ஓம் வகை பரவலானது. மெதுவாக மிதிக்கும்போது எண் தடையில்லாமல் ஏறியோ இறங்கியோ செல்ல வேண்டும்.

வேறு நிறுவனத்தின் தொடர் பெடலைச் செருகும்போது கவனம் தேவை. பிளக் ஒரே 6.35 மில்லிமீட்டர்தான், ஆனால் மூன்று தொடர்புகளில் எது எதற்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முழுத் தூரம் மிதித்தும் கடைசி நூலிழையில்தான் பிடிக்கிறது என்றால், பெடல் பழுதில்லை. இணைப்பு ஒழுங்கு பொருந்தவில்லை.

அரைப் பெடல் புள்ளியை அமைக்க, பியானோ ஒலியில் கீழ் ஸ்தாயி சி–ஜி-யைப் பலமாக அடித்துக் கையை எடுத்த உடனே பெடலைச் சிறிது சிறிதாக ஆழப்படுத்திப் பாருங்கள். மிதியின் மூன்றில் ஒரு பங்கில் ஒலி நீளத் தொடங்கி, மூன்றில் இரண்டு பங்கில் முழுமை அடைவது வசதியான அமைப்பு. தொடக்கம் அதற்கு முன்பே வந்தால், சும்மா வைத்த காலின் பாரமே ஒலியைக் கலக்கும்.

இரண்டையும் சேர்த்தல்

இனி பியானோ ஒலிக்கு வாருங்கள். ரெசனன்ஸ் இன்னும் 0-வில்தான் இருக்கிறது. ப்யூர் மேஜர், ஆதாரம் சி. சி மேஜர் கார்டை முழுப் பெடலில் அடித்து, தேயும்வரை கேளுங்கள். பிறகு டேம்பர் ரெசனன்ஸை உச்சத்துக்கு ஏற்றி அதே கார்டு. முதலில் அமைதியாகத் தேய்ந்த கார்டில் இப்போது ஒரு அலைச்சல் கூடியிருந்தால், அந்தக் கருவி சமச்சுருதிப் பியானோவில் பதிவான ரெசனன்ஸையே மேலே பூசுகிறது. தூய கார்டின் மேல் சமச்சுருதியின் நிழல் விழுகிறது.

ஸ்ட்ரிங் ரெசனன்ஸுக்கு வேறு சோதனை. நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி-யைச் சத்தம் வராமல் அழுத்திப் பிடித்து, நடு ஈ-க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள ஈ-யைச் சுருக்கென்று தட்டி விடுங்கள். கீழ் சி-யின் ஐந்தாம் மடங்கு 654.1 ஹெர்ட்ஸ். சமச்சுருதி ஈ 659.3-இல் இருக்கிறது; ப்யூர் ஈ மிகச் சரியாக 654.1. எனவே ப்யூரில் எதிரொலி கணிசமாகக் கூட வேண்டும். இரண்டு முறையிலும் ஒரே அளவாகக் கேட்டால், ரெசனன்ஸ் உங்கள் சுருதி முறையைக் கண்டுகொள்வதில்லை என்று பொருள்.

கண்டுகொள்ளாத கருவிகளுக்கு எங்கள் அமைப்பு, 0–10 அளவில்: சமச்சுருதிக்கு 5, வெர்க்மைஸ்டருக்கு 4, மீன்டோனுக்கு 2, ப்யூர் மேஜருக்கு 0. கண்டுகொள்ளும் கருவிகளில் எல்லாவற்றுக்கும் 5 வைக்கலாம். ரிவர்பைக் கடைசியில், சிறிய அறை அளவில் மட்டும் சேருங்கள். நீண்ட ரிவர்ப், விடாத பெடல் செய்யும் வேலையையே செய்யும்.

கால் பழக்கமும் மாற வேண்டும். சமச்சுருதியில் கார்டு மாறிய பிறகு பெடலை மாற்றும் தாமதம் பரவாயில்லை. மீன்டோனில் அரை நொடிக் கலப்பும் கேட்கும்; புதுக் கார்டு ஒலிக்கும் அதே கணத்தில் பெடல் மேலே வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, ஒரு கார்டு தானாக நிற்கும் இடங்களில் முழுப் பெடலைத் தாராளமாக விடலாம். தூய மூன்றாம் இடைவெளி பெடலில் நீளும்போதுதான் இவ்வளவு மெனக்கெட்டதன் பலன் காதில் விழும்.

இடது பெடலுக்கும் இங்கே உண்மையான வேலை உண்டு. பல கருவிகளில் சாஃப்ட் பெடல் சத்தத்தைக் குறைப்பதோடு ஒலியின் கூர்மையையும் குறைக்கும். மேற்சுரங்கள் அடங்கும்போது விம்மலும் அடங்கும். வெர்க்மைஸ்டரில் எஃப் ஷார்ப் மேஜர் போன்ற தூர ஸ்கேல்களுக்குப் போகும் சில இடங்களில் அதை மிதித்துப் பாருங்கள். 23 விம்மல் ஒரு மெல்லிய மினுமினுப்பாக மாறிவிடும்.

சொந்த எண்களைச் செலுத்துதல்

'யூசர்' முறை இருந்தால் பன்னிரண்டு எண்களை நேரடியாக எழுதலாம். ஏ-வை 440-இல் அசையாமல் வைத்த வெர்க்மைஸ்டர் மூன்று, சி-யில் தொடங்கி வரிசையாக, சமச்சுருதியிலிருந்து சென்ட் கணக்கில்: +12, +2, +4, +6, +2, +10, 0, +8, +4, 0, +8, +4. மீன்டோன்: +10, −14, +3, +21, −3, +14, −10, +7, −17, 0, +17, −7. இப்படி எழுதினால் மாஸ்டர் ட்யூனிங்கைத் தொடவே தேவையில்லை.

மெனுவில் யூசர் இல்லாமல், கையேட்டில் மிடி ஸ்கேல் ட்யூனிங் ஆதரவு குறிப்பிடப்பட்டிருந்தால், கணினியிலிருந்து இந்தச் செய்தியை அனுப்பலாம் (எண்கள் பதின்ம முறையில்): 240, 126, 127, 8, 8, 3, 127, 127, பிறகு பன்னிரண்டு எண்கள், முடிவில் 247. ஒவ்வொரு எண்ணும் 64 கூட்டல் சென்ட் மதிப்பு. வெர்க்மைஸ்டர் மூன்றுக்கு அவை 76, 66, 68, 70, 66, 74, 64, 72, 68, 64, 72, 68. சமச்சுருதிக்குத் திரும்பப் பன்னிரண்டும் 64.

மென்பொருள் பியானோவில் ஸ்காலா கோப்பு (சுருதி முறையை எண்களாக எழுதிவைக்கும் கோப்பு) எழுதுபவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: சென்ட் மதிப்பில் புள்ளி கட்டாயம். 386.0 என்றால் 386 சென்ட். புள்ளியில்லாத 386 என்பது 386 மடங்கு அதிர்வெண் என்று எடுத்துக்கொள்ளப்படும். அந்தக் கட்டை எங்கோ காதுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும்.

சேமிப்பு

பல பியானோக்கள் அணைத்ததும் சமச்சுருதிக்குத் திரும்பிவிடும். ரெஜிஸ்ட்ரேஷன் அல்லது தொடக்க நிலைச் சேமிப்பில் முறை, ஆதாரம், மாஸ்டர் ட்யூனிங், ரெசனன்ஸ், அரைப் பெடல் புள்ளி ஐந்தும் ஏறினவா என்று அணைத்து ஆன் செய்து பாருங்கள். மாஸ்டர் ட்யூனிங் மட்டும் தனியாகச் சேமிக்கப்பட்டு, முறை மறந்துபோன நிலைதான் மோசமானது. பியானோ 443-இல் சமச்சுருதியாக நிற்கும்.

மிடியில் பதிவுசெய்த வாசிப்பு வேறு கருவியில் சமச்சுருதியாகவே ஒலிக்கும், ஏனென்றால் சுருதியைப் பொறுத்தவரை அதில் இருப்பது கட்டை எண்கள் மட்டுமே. மேலே சொன்ன ட்யூனிங் செய்தியைப் பாடலின் முதல் சுரத்துக்கு முன்னால் பதித்தால், அதைப் புரிந்துகொள்ளும் கருவி பின்பற்றும். இல்லையென்றால் ஆடியோவாகப் பதிவுசெய்யுங்கள்.